கணினியில் ஒட்டிக்கொண்ட அறிமுகமில்லாத லாகின்கள்: எழுதும் கையைக் கண்டுபிடித்து அழிப்பது

சேமித்த லாகின்களை வைத்திருக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரை முதன்முறை திறப்பவர்களின் கண் பெரும்பாலும் ஒரே வரியில்தான் போய் நிற்கும்: விர்ச்சுவல்ஆப்/டிட்லாஜிக்கல். யூசர்நேம் இருக்க வேண்டிய இடத்தில் 02 என்று தொடங்கி, தலையும் வாலும் புரியாத எழுத்துக்குவியல். பாஸ்வேர்டு இடத்தில் வெறும் புள்ளிகள். நாம் சேமிக்கவில்லை, வீட்டில் வேறு யாரும் சேமிக்கவில்லை. ரிமூவ் அழுத்தினால் மறைகிறது. கணினியை மறுபடி துவக்கிப் பார்த்தால் அதே இடத்தில், இன்றைய தேதியோடு உட்கார்ந்திருக்கிறது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற பயம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வரியால் ஆபத்தில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பேசும் விண்டோஸின் பகுதி, இந்தக் கணினிக்கென்று தானே உருவாக்கிக்கொள்ளும் அடையாளம் அது. அழித்தால் கெடுதல் இல்லை, திரும்பி வந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் அது திரும்பி வருகிறதே, அந்த நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். சேமித்த லாகின் எதுவும் தானாக முளைப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஏதோ ஒன்று எழுதுகிறது: விண்டோஸ், நாம் நிறுவிய செயலி, பிரவுசரின் சிங்க் (ஒரே கணக்கின் தரவை எல்லாச் சாதனங்களுக்கும் கொண்டுபோகும் வசதி), அல்லது இந்தக் கணினியில் உட்கார்ந்த இன்னொரு மனிதர். எழுதும் கை எது என்று தெரியாமல் வரியை மட்டும் அழிப்பது வீண்வேலை. சில இடங்களில் அது வீண்வேலையோடு நிற்பதில்லை, அடுத்தவர் கணக்கையே காலி செய்துவிடும். அதனால் இந்த வேலையில் அழிப்பது கடைசிப் படி.

முதலில் பட்டியலை எடுத்து வைப்பது

கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ், அதற்குள் கிரெடென்ஷியல் மேனேஜர். உள்ளே இரண்டு பக்கங்கள்: வெப் கிரெடென்ஷியல்ஸ், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். இரண்டாவது பக்கத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. விண்டோஸ் பிரிவில் நெட்வொர்க் பகிர்வு, ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை இருக்கும். சான்றிதழ் அடிப்படையிலான பிரிவு வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஜெனரிக் பிரிவில்தான் கூட்டம். இருபது முப்பது வரிகள் நின்றால் பதற வேண்டாம், அது சாதாரணம்.

ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் கடைசியாக மாற்றப்பட்ட தேதி இருக்கும். இந்த வேலைக்கு அதுதான் முதல் சாட்சி. பதிவை அழித்துவிட்டால் அந்தத் தேதியும் சேர்ந்து போய்விடும், மீட்க வழியில்லை. அதனால் ரிமூவ் பக்கம் கையைக் கொண்டுபோகும் முன் பட்டியல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு பதிவையும் விரித்தால் முகவரி, யூசர்நேம், எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற விவரம் தெரியும். 'லாகான் செஷன்' என்று இருந்தால் அது இந்த அமர்வுக்கு மட்டுமானது, சைன் அவுட் செய்தாலே போய்விடும். அதற்காக மெனக்கெட வேண்டாம்.

எழுத்து வடிவில் ஒரு பட்டியலும் வேண்டும், பின்னால் ஒப்பிட உதவும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து சி, எம், டி, கே, இ, ஒய் என்ற ஆறு எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் (/) லிஸ்ட் என்ற சொல்லும் சேர்த்தால் எல்லாப் பதிவுகளும் வரிசையாக வரும். கடைசியில் 'பெரியது' குறியும் (>) ஒரு கோப்புப் பெயரும் கொடுத்தால் திரையில் வருவது அந்தக் கோப்பில் விழும். முன்.டிஎக்ஸ்டி என்பதுபோல ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் தேதி வராது, பாஸ்வேர்டும் வராது. ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும் என்பது அதனால்தான்.

இங்கே ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறப்பது பலருக்குக் கைப்பழக்கம். சேமித்த லாகின்கள் ஒவ்வொரு விண்டோஸ் பயனருக்கும் தனித்தனிப் பெட்டி. நீங்கள் சாதாரணக் கணக்கில் இருந்துகொண்டு வேறொரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்தால், திரையில் வருவது அந்த அட்மினின் பட்டியல், உங்களுடையது அல்ல. 'மேனேஜரில் தெரிகிறது, கட்டளையில் தெரியவில்லை' என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாதாரணமாகவே திறங்கள், இந்த வேலைக்கு அட்மின் உரிமை தேவையில்லை.

விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பக்கத்திலேயே பேக்கப் எடுக்கும் இணைப்பும் இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தச் சொல்லி, ஒரு பாஸ்வேர்டு கேட்டு, சிஆர்டி வகைக் கோப்பாகச் சேமிக்கும். அந்தக் கோப்பில் உங்கள் லாகின்கள் அனைத்தும் இருக்கின்றன. யுஎஸ்பி டிரைவில் எடுத்துத் தனியாக வையுங்கள், வேலை முடிந்து ஒரு வாரம் சிக்கல் இல்லை என்றால் அழித்துவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அதை மீட்டெடுத்தால் நீங்கள் அழித்த அந்நியப் பதிவுகளும் கூடவே திரும்பி வரும்.

எந்த வரி யாருடையது

பெயரின் முன்பகுதியை வைத்தே பாதிக்கு மேல் அடையாளம் காணலாம்.

எஸ்எஸ்ஓ_பாப்_டிவைஸ், எஸ்எஸ்ஓ_பாப்_யூசர், விண்டோஸ்லைவ் என்று தொடங்குபவை, முன்பே சொன்ன டிட்லாஜிக்கல், இவை மைக்ரோசாஃப்ட் கணக்கு உள்நுழைவின் துணைப்பொருள்கள். எக்ஸ்பிஎல் என்று தொடங்கி நீளமாகப் போகும் வரிகள் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையுடையவை. கேம் எதுவும் ஆடாதவர் கணினியிலும் வரும், ஏனென்றால் அந்தச் சேவை விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இந்தக் குடும்பம் முழுவதையும் அப்படியே விட்டுவிடலாம்.

மைக்ரோசாஃப்ட்ஆஃபிஸ்16 என்று தொடங்குபவை ஆஃபிஸ் செயலிகளின் டோக்கன்கள், அதாவது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் அனுமதிச் சீட்டுகள். 16 என்பது ஆஃபிஸின் உள் பதிப்பு எண், 2016க்குப் பின் வந்தவை எல்லாம் அதே எண்ணையே வைத்திருக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது மின்னஞ்சல் முகவரியை. அது உங்களுடையதாக இல்லாவிட்டால், யாரோ வேர்டிலோ அவுட்லுக்கிலோ தன் கணக்கால் உள்ளே போயிருக்கிறார். முதலில் ஆஃபிஸ் செயலிக்குள் போய் அந்தக் கணக்கை சைன் அவுட் செய்து, எல்லா ஆஃபிஸ் ஜன்னல்களையும் மூடிவிட்டு, அப்புறம் இங்கே அழிக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கும்போது அழித்தால் செயலி தன் நினைவில் வைத்திருக்கும் டோக்கனை மீண்டும் எழுதிவிடும்.

அடோபி என்று தொடங்கி பார்ட்1, பார்ட்2, பார்ட்3 என்று வரிசையாக நீளும் பதிவுகள் பலரைக் கலங்கடிக்கின்றன. காரணம் எளிமையானது. ஒரு பதிவுக்குள் அடைக்கக்கூடிய ரகசியத்தின் அளவு 2,560 பைட் மட்டுமே. டோக்கன் அதைவிடப் பெரிதாக இருந்தால் செயலி அதைத் துண்டுபோட்டுப் பல பதிவுகளாக வைக்கிறது. இப்படிப்பட்டதை அழிப்பதானால் எல்லாத் துண்டுகளையும் அழியுங்கள். நடுவில் ஒன்றை மட்டும் எடுத்தால், மீதியைச் சேர்த்துப் படிக்க முடியாமல் செயலி திறக்கும்போதெல்லாம் தடுமாறும்.

கிட் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் வைத்துத் தொடங்குவது நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட் கருவியுடையது. அதில் அந்நியர் பெயர் இருந்தால் அலட்சியம் வேண்டாம், நீங்கள் அனுப்பும் மாற்றங்கள் அவருடைய உரிமையில் போகும், அல்லது 403 என்று நிராகரிக்கப்படும். இதில் இன்னொரு மறைவிடமும் உண்டு. பயனர் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் கிட்-கிரெடென்ஷியல்ஸ் என்ற கோப்பு இருந்தால், அதில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் மறையாக்கம் எதுவும் இல்லாமல் பச்சையாக இருக்கும். மேனேஜரில் அழித்தது போதாது, நோட்பேடில் திறந்து அந்த வரியையும் நீக்க வேண்டும்.

டெர்ம்எஸ்ஆர்வி என்று தொடங்குவது ரிமோட் டெஸ்க்டாப். நீங்கள் அதை ஒருநாளும் பயன்படுத்தவில்லை என்றால், இந்தக் கணினியிலிருந்து யாரோ வேறொரு கணினிக்குள் நுழைந்திருக்கிறார் என்று அர்த்தம். திசையைக் கவனியுங்கள்: இது இங்கிருந்து வெளியே போனதற்கான சுவடு, வெளியிலிருந்து உள்ளே வந்ததற்கானது அல்ல. பழுதுபார்க்கக் கொடுத்த காலத்தில் எழுதப்பட்டதா என்பதைத் தேதி சொல்லிவிடும்.

வெப் கிரெடென்ஷியல்ஸ் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் பழைய சுமை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் பழைய எட்ஜும் அங்கே எழுதின. பழைய எட்ஜுக்கு ஆதரவு 2021 மார்ச்சில் நின்றது, எக்ஸ்புளோரர் 11 ஓய்வு பெற்றது 2022 ஜூன் 15இல். இன்றைய எட்ஜும் குரோமும் இந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. அதனால் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் துடைத்துவிடலாம். இங்கே 'ஷோ' அழுத்தி விண்டோஸ் பாஸ்வேர்டைக் கொடுத்தால் சேமித்ததைப் படிக்கவும் முடியும். தேவையானதைக் குறித்துக்கொண்டு மற்றதை அழியுங்கள்.

எழுதும் கையைத் தடுப்பது

பெயர் தெரியாத கணக்கு ஒன்று மீண்டும் மீண்டும் முளைத்தால் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். மற்ற செயலிகள் பயன்படுத்தும் கணக்குகள் என்று ஒரு பட்டியல் மின்னஞ்சல் பிரிவில் இருக்கும். வேலை அல்லது பள்ளிக் கணக்கு அணுகல் என்று தனிப் பக்கமும் இருக்கும். முந்தைய உரிமையாளரின் கணக்கோ எப்போதோ விட்டுவந்த நிறுவனக் கணக்கோ இங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்வரை, மேலே எவ்வளவு அழித்தாலும் டோக்கன் புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

அதைத் துண்டிக்கும் முன் ஒரு நிமிடம். டிரைவ் பிட்லாக்கரால் (விண்டோஸின் மறையாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்த அந்நியக் கணக்கில் மட்டுமே சேமிக்கப்பட்டிருக்கலாம். கன்ட்ரோல் பேனலின் பிட்லாக்கர் பக்கத்தில் மீட்புச் சாவியை பேக்கப் எடுக்கும் வசதி உண்டு. அச்சிட்டோ யுஎஸ்பியிலோ எடுத்துக்கொண்ட பிறகே துண்டியுங்கள். பிறகு ஒருநாள் மதர்போர்டு அமைப்பு மாறி கணினி சாவி கேட்கும்போது கையில் எதுவும் இல்லையென்றால், உள்ளே இருப்பது அத்தனையும் போனதுதான். விண்டோஸுக்குள் நுழையும் கணக்கே அந்த வேலைக் கணக்குதான் என்றால், அட்மின் உரிமையுள்ள இன்னொரு கணக்கை உருவாக்கி, அதில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

நெட்வொர்க் பகிர்வு, நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புக் கருவி) போன்றவற்றின் பதிவாக இருந்தால் முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஃபைல் எக்ஸ்புளோரரில் மேப் செய்த டிரைவை வலது கிளிக் செய்து டிஸ்கனெக்ட். இணைப்பு உயிரோடு இருக்கும்போது பதிவை அழித்தால் எதுவும் நடக்காததுபோல இருக்கும், பழைய பெயரிலேயே கோப்புகள் திறக்கும். அதே சர்வருக்கு உங்கள் சொந்தப் பெயரில் போக முயன்றால் சிஸ்டம் எரர் 1219 வரும். ஒரே சர்வரோடு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் பேச விண்டோஸ் விடாது. இணைப்பைத் துண்டித்து, பதிவை அழித்து, சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

அழிப்பது

மேனேஜரில் பதிவை விரித்து ரிமூவ், உறுதிப்படுத்தல் கேட்டால் யெஸ். அவ்வளவுதான். ஒவ்வொன்றாக அழியுங்கள், மூன்று நான்கு அழித்ததும் நிறுத்தி அன்றாடச் செயலிகளைத் திறந்து பாருங்கள். எது உடைந்தது என்று அப்போதுதான் தெரியும்.

சில பதிவுகள் மேனேஜரில் விரிய மறுக்கும், அல்லது ரிமூவ் அழுத்தியும் நிற்கும். அதற்குக் கட்டளை வழி: அதே ஆறெழுத்துச் சொல், இடைவெளி, சாய்கோடு, டெலீட், முக்காற்புள்ளி, உடனே ஒட்டி டார்கெட் பெயர். பட்டியலில் டார்கெட் என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் ஒட்டுங்கள். பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். 'எலிமென்ட் நாட் ஃபவுண்ட்' என்று பதில் வந்தால் இரண்டில் ஒன்று: பெயர் தவறு, அல்லது நீங்கள் நிற்பது வேறு பயனரின் பெட்டி.

எல்லாவற்றையும் ஒரே அடியில் அழிக்கும் ஒற்றை வரி ஸ்கிரிப்ட் ஒன்று வெகுகாலமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அது ஒவ்வொரு டார்கெட் வரியையும் இடைவெளியில் வெட்டி இரண்டாம் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பெயரில் இடைவெளி உள்ள பதிவுகள் அதில் அகப்படாமல் தப்பிவிடும். அதை ஓட்டிவிட்டு எல்லாம் சுத்தம் என்று நம்ப வேண்டாம். மொத்தமாக அழிப்பதே இந்த வேலைக்குப் பொருத்தமில்லாத வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்நியமான இரண்டு பதிவுக்காக உங்களுடைய இருபதை இழக்கக் கூடாது.

அப்டேட்டா கோப்புறைக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் கிரெடென்ஷியல்ஸ் என்ற மறைந்த கோப்புறை இருக்கிறது. 32 எழுத்து நீளப் பெயர்களோடு கோப்புகள் அங்கே கிடக்கும். அவற்றை நேரடியாக அழிக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். கோப்பின் பெயரைப் பார்த்து அது எந்த லாகின் என்று சொல்ல முடியாது, கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பி வெட்டும் வேலை. கிரெடென்ஷியல் மேனேஜர் சேவையையே நிறுத்தி வைப்பதும் தீர்வல்ல. எந்தச் செயலியும் எதையும் நினைவில் வைக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்.

விண்டோஸில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவேட்டைத் திறந்தால் 5379 என்ற எண் நூற்றுக்கணக்கில் நிற்பதைப் பார்த்துக் கலங்குபவர்கள் உண்டு. சேமித்த லாகின் படிக்கப்பட்டது என்பதுதான் அதன் பொருள். விண்டோஸே நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கையை விடுங்கள், உள்ளே டார்கெட் பெயரும் படித்த நிரலின் பிராசஸ் எண்ணும் இருக்கின்றன, சந்தேகப் பதிவை யார் தொடுகிறார் என்று கண்டுபிடிக்க அது உதவும். 5376 வேறு கதை. அது லாகின்கள் பேக்கப் எடுக்கப்பட்டதைச் சொல்கிறது. நீங்கள் எடுக்காத நாளில் அது இருந்தால் விஷயம் தீவிரமானது.

பிரவுசர்: இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும்

அந்நிய லாகின்கள் அதிகம் கிடைப்பது பிரவுசரில்தான். யாரோ ஒருவர் உங்கள் குரோமில் ஒருமுறை மெயில் பார்க்க உள்ளே வந்து, சிங்க் கேட்டபோது 'ஆம்' என்று அழுத்தியிருப்பார். அந்த நொடியில் அவருடைய எல்லாப் பாஸ்வேர்டுகளும் உங்கள் கணினிக்கு வந்திருக்கும். உங்களுடையவை அவர் கணக்குக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்த நிலையில் பட்டியலைத் திறந்து அந்நியப் பெயர்களை மளமளவென்று அழிக்கத் தொடங்கினால், சிங்க் அந்த அழிப்பை அவர் கணக்குக்கும் கொண்டுபோகும். அவருடைய போனிலும் வீட்டுக் கணினியிலும் எல்லாம் காணாமல் போய்விடும். தெரியாமல் செய்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். ஆகவே முதலில் பிரவுசரின் மேல் மூலையில் உள்ள புரொஃபைல் படத்தை அழுத்தி எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் சிங்கை நிறுத்தி அந்தக் கணக்கை சைன் அவுட் செய்யுங்கள். இந்தச் சாதனத்திலிருந்து தரவை நீக்கலாமா என்று கேட்டால், அந்தப் புரொஃபைலில் உங்கள் சொந்த புக்மார்க்குகள் கலந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சைன் அவுட் ஆன பின்னும் மீதம் நிற்பவற்றை மட்டும் கையால் அழியுங்கள்.

அழிக்கும் முன் இன்னொரு வடிகட்டல். அந்நியமாகத் தெரிவதெல்லாம் அந்நியமல்ல. போனில் ஒரு செயலிக்குள் சேமித்தது, அதே கூகுள் கணக்கு வழியாகச் செயலியின் பெயரோடு கணினிப் பட்டியலில் வரும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற எண் முகவரி பெரும்பாலும் உங்கள் ரவுட்டர். யூசர்நேம் இடத்தில் ஆறு இலக்க எண்ணோ குழப்பமான ஐந்து எழுத்தோ இருந்தால், ஓடிபியையோ கேப்சாவையோ பிரவுசர் தவறாக யூசர்நேம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டு பெட்டிக்கு முந்தைய பெட்டியை யூசர்நேம் என்று அது ஊகிப்பதால் வரும் கோளாறு அது.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் தேதியைத் தோண்டலாம். ஃபயர்ஃபாக்ஸ் இதில் நேர்மையான பிரவுசர், லாகின் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் உருவான நாள், கடைசியாகப் பயன்படுத்திய நாள் எல்லாம் காட்டிவிடும். குரோமின் பட்டியலில் அது தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிறது. குரோமை முழுவதுமாக மூடிவிட்டு, யூசர் டேட்டா கோப்புறையில் உங்கள் புரொஃபைலுக்குள் உள்ள லாகின் டேட்டா என்ற கோப்பை வேறிடத்துக்கு நகலெடுங்கள். அது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் போன்ற கருவியில் நகலைத் திறந்தால் லாகின்ஸ் என்ற அட்டவணையில் தள முகவரி, யூசர்நேம், உருவான நேரம், கடைசியாகப் பயன்படுத்திய நேரம், எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கை எல்லாம் படிக்கும் வடிவில் இருக்கும். பாஸ்வேர்டு மட்டும் மறையாக்கத்தில். கூகுள் கணக்கில் சேமித்தவை பக்கத்திலேயே 'லாகின் டேட்டா ஃபார் அக்கவுன்ட்' என்ற தனிக் கோப்பில் இருக்கும், அதையும் பாருங்கள்.

நேரம் 17 இலக்க எண்ணாக நிற்கும். 1601 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோவினாடிகள் அவை. உதாரணத்துக்கு 13350000000000000 என்று இருந்தால், கடைசி ஆறு இலக்கங்களை வெட்டுங்கள்: 13350000000. அதிலிருந்து 11644473600ஐக் கழித்தால் 1705526400. இது 1970 முதல் எண்ணும் வழக்கமான யுனிக்ஸ் நேரம், தேதியாக மாற்றினால் 2024 ஜனவரி 17, யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி இரவு 9:20. அந்த நேரத்தில் கணினி யார் கையில் இருந்தது என்று யோசித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பயன்பட்ட எண்ணிக்கை பூஜ்ஜியம், பல பதிவுகளுக்கும் உருவான நேரம் ஒரே நிமிடத்தில் குவிந்திருக்கிறது என்றால், அவை ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டவை அல்ல, இம்போர்ட் மூலம் மொத்தமாக வந்தவையாக இருக்க வேண்டும்.

இம்போர்ட் என்றதும் எட்ஜைச் சொல்ல வேண்டும். முதன்முறை திறக்கும்போது வேறு பிரவுசரிலிருந்து தரவு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். சில பதிப்புகளில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குரோமிலிருந்து எடுக்கும் அமைப்பும் உண்டு. குரோமில் விட்டுவைத்து எட்ஜில் மட்டும் அழித்தால் அடுத்த முறை அப்படியே திரும்பி வரும். இரண்டு பிரவுசர் இருந்தால் ஊற்றாக இருப்பதை முதலில் சுத்தம் செய்து, அந்த அமைப்பை நிறுத்திய பிறகு மற்றதைத் தொடுங்கள்.

பாதுகாப்புக்காக சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்பவர்கள், அதில் பாஸ்வேர்டுகள் பச்சையாக இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். டவுன்லோட்ஸில் விட்டுவிட்டால், கிளவுட் பேக்கப் அதையும் மேலே ஏற்றிவிடும். வேலை முடிந்ததும் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

மேக், லினக்ஸ் கணினிகளில் முறை இதுவே, பெட்டியின் பெயர்தான் கீசெயின், கீரிங் என்று மாறும். மேக்கின் கீசெயின் அக்சஸில் ஒரு பதிவை இரட்டை கிளிக் செய்தால், அக்சஸ் கன்ட்ரோல் பக்கத்தில் எந்தச் செயலிக்கு அதைப் படிக்க உரிமை என்று பெயரோடு இருக்கும், எழுதும் கையைத் தேடி அலைய வேண்டாம். காம்.ஆப்பிள் என்று தொடங்குபவற்றைத் தொடாதீர்கள். மேகோஸ் 15 முதல் பாஸ்வேர்ட்ஸ் என்ற தனிச் செயலி இருக்கிறது. அதில் அழித்தவை 30 நாள் 'டெலீட்டட்' பகுதியில் கிடக்கும், அங்கேயும் போய்த் துடைக்க வேண்டும். இரண்டு இயங்குதளத்துக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: 'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' என்ற பதிவு பார்க்க அந்நியமாக இருக்கும். அது குரோமில் சேமித்த எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைத்திருக்கும் சாவி. அதை அழித்தால் அத்தனையும் படிக்க முடியாத குப்பையாகிவிடும்.

அழித்த பின்

கணினியை மறுபடி துவக்குங்கள். வழக்கமான செயலிகள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். ஒருநாள் கழித்து அதே லிஸ்ட் கட்டளையால் பின்.டிஎக்ஸ்டி என்று இரண்டாம் கோப்பு எடுத்து, முதல் கோப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். திரும்பி வந்தவை எவை என்று வெளிச்சமாகிவிடும். திரும்பி வந்தது மைக்ரோசாஃப்ட் குடும்பம் என்றால் விட்டுவிடுங்கள். செயலி என்றால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் அதைத் தேடுங்கள், தேவையில்லாத செயலி என்றால் நிறுவல் நீக்கம் செய்யுங்கள். அப்புறம்தான் பதிவை இரண்டாம் முறை அழிக்க வேண்டும்.

வைஃபை பாஸ்வேர்டுகள் இந்தப் பெட்டியில் இல்லை, நெட்வொர்க் அமைப்புகளில் 'தெரிந்த நெட்வொர்க்குகள்' பட்டியலில் தனியே அழிக்க வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீகளும் தனி, விண்டோஸ் 11இல் அக்கவுன்ட்ஸ் பகுதியில் அவற்றுக்கு ஒரு பக்கம் உண்டு.

கடைசியாக, பாதுகாப்பின் மறுபக்கம். சிங்க் நின்ற பின் உங்கள் கணினியில் வேறொருவரின் லாகினை அழிப்பதால் அவர் கணக்குக்கு எதுவும் ஆகாது, உங்கள் கணக்கும் பத்திரமாகிவிடாது. அந்நிய சிங்க் ஓடிக்கொண்டிருந்தது என்று கண்டால், அந்தப் பிரவுசரில் நீங்கள் சேமித்திருந்த ஒவ்வொரு பாஸ்வேர்டும் வெளியே போனதாகவே வைத்துக்கொண்டு மாற்றுங்கள். மெயில் முதலில், வங்கி அடுத்து, மற்றவை பிறகு. மெயிலை வைத்திருப்பவர் மற்ற எல்லாவற்றையும் 'மறந்துவிட்டேன்' பொத்தானால் திறந்துவிடலாம், அதனால்தான் அந்த வரிசை. பாஸ்வேர்டு மாற்றும்போதே எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் தேர்வையும் அழுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய அமர்வு குக்கீ பாஸ்வேர்டே கேட்காமல் கதவைத் திறந்து வைத்திருக்கும்.

பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் பட்டியலில் புதிய வரி எதையும் எழுதத் தேவையில்லை. உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் இந்தப் பெட்டியைக் கேட்டுப் படிக்க முடியும், விண்டோஸ் தடுக்காது. ஆகவே தெரியாத பதிவு இருப்பது திருட்டுக்குச் சான்றும் அல்ல, இல்லாதது பத்திரத்துக்குச் சான்றும் அல்ல. 5376 இருந்தது, நிறுவாத செயலி இருந்தது, தெரியாத இடத்திலிருந்து உள்நுழைவு எச்சரிக்கை மெயில் வந்தது, இப்படி வேறு அறிகுறி ஒன்றாவது சேர்ந்தால் அந்தக் கணினியில் பாஸ்வேர்டு மாற்றும் வேலையை உடனே நிறுத்துங்கள். புதிதாக அடிப்பதும் அதே கைக்குத்தான் போகும். சுத்தமான வேறொரு சாதனத்தில் மாற்றுங்கள். இந்தக் கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் ஏறும் முன்பே கால் மணி நேரம் போலத் தேடும். அதில் எதுவும் அகப்பட்டால் பட்டியலைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். முதலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் முன்.டிஎக்ஸ்டி கோப்பையும் மட்டும் அழிக்காமல் வையுங்கள், புகார் கொடுக்க வேண்டி வந்தால் தேதியோடு கையில் இருப்பது அவை மட்டும்தான்.